எல்லாவற்றுக்கும் 'ஆமா சார்'

"மோட்டார் கொட்டகையில ஒயரை அறுத்தது நீதானா தம்பி?"

"ஆமா சார்."

"தனியாத்தான் போனியா?"

"ஆமா சார்."

"நாலு பேரோட போனேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கியாமே?"

"ஆமா சார்."

கேட்டவர் ஒரு பெண் வழக்கறிஞர். சட்டப் பணிகள் ஆணைக்குழு அனுப்பியவர். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார். "இந்த ஜெயிலைக் கட்டினதும் நீதானா?"

அதற்கும் அதே பணிவோடு பதில் வந்தது: "ஆமா சார்."

கிளைச் சிறையின் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ஒரு கேள்வியை இரண்டு வருடங்களுக்கு முன்பே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தம்பியின் பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவருடைய அம்மா கேட்டுக்கொண்டார். நம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் அவர் பிறந்து 24 வருடங்கள் ஆகின்றன. அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அப்பா இல்லை. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்று பள்ளிச் சான்றிதழ் சொல்கிறது. தன் பெயரை எழுத அவருக்குத் தெரியாது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், எட்டு வருடமும் அங்கேயே இருந்தார். காசு எண்ணத் தெரியாது. யார் வேலை சொன்னாலும் செய்வார். ஊர்த்தெருவில் விறகு பிளந்து போட்டால் சாப்பாடு உண்டு, கூலி கிடையாது. "அவனுக்கு வெவரம் பத்தாது" என்பார் அம்மா. மற்றவர்கள் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

முதல் வழக்கு ஒரு சைக்கிள். கடைத்தெருவில் நின்ற சைக்கிளை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். திருடியவர் ஓடிப்போவார், இவர் அதே தெருவில் ஓட்டிக்கொண்டிருந்தார். வழக்கு பதிவானது. அம்மா எங்களிடம் ஓடி வந்தார். நாங்கள் நீதிமன்றத்துக்குப் போனோம். "குற்றத்த ஒப்புக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும், இல்லன்னா வாய்தா வாய்தாவா அலையணும்" என்றார்கள். எங்களுக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. ஒப்புக்கொள்ளச் சொன்னது நாங்கள்தான். நடுவர் கேட்டார், தம்பி "ஆமா சார்" என்றார். உள்ளே இருந்த நாட்களே தண்டனை, கூடவே அபராதம் என்று தீர்ப்பானது. அபராதத்தை வசூல் செய்து கட்டினோம். வாசலில் டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். ஏதோ சாதித்துவிட்ட மகிழ்ச்சி அன்றைக்கு எங்களுக்கு.

அன்றிலிருந்து காவல் நிலையத்துப் பதிவேட்டில் அவர் பழைய குற்றவாளி. பக்கத்து வயல்களில் மோட்டார் காப்பர் ஒயர் காணாமல் போனபோது ஜீப் முதலில் வந்து நின்ற இடம் அவர் வீட்டு வாசல்.

"அன்னிக்கே இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்று அந்த அம்மா எங்களைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றல்ல. மனநோய் இடையில் வருவது. மருந்தாலும் கவனிப்பாலும் குறையும், பலருக்குக் குணமாகும். அறிவுசார் குறைபாடு பிறப்பிலோ சிறு வயதிலோ தொடங்கி உடன் வருவது. மாத்திரையால் மாறாது, பழக்கத்தாலும் துணையாலும் சமாளிப்பது. நம் ஊரில் இரண்டையும் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறோம். காவல் நிலையமும் அப்படித்தான் செய்கிறது. அல்லது 'நடிக்கிறான்' என்று தள்ளிவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒருவர் மேல் வழக்கு வரும்போது சட்டத்தின் முன் இரண்டு தனித்தனிக் கேள்விகள் நிற்கின்றன.

முதல் கேள்வி, செயலைச் செய்த நேரத்தைப் பற்றியது. தான் செய்வது என்ன, அது தவறு என்று அறியும் நிலையில் அவர் இருந்தாரா? இல்லையென்றால் அது குற்றமாகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவு. இதன் வேர் 1843இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கில் இருக்கிறது. பிரதமரைக் கொல்வதாக நினைத்து அவருடைய செயலரைச் சுட்டுக் கொன்ற மெக்நாட்டன் என்பவர் மனநிலை காரணமாக விடுவிக்கப்பட்டார். அதையொட்டி அங்கே வகுத்த விதியே நமக்கும் வந்து சேர்ந்தது. இந்த விலக்கைக் கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இருந்திருக்கக்கூடும் என்று நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1964இலேயே சொல்லிவிட்டது. அப்படிக் காட்டுவதற்குப் பழைய மருத்துவச் சீட்டுகள் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, விசாரணை நடக்கும் நேரத்தைப் பற்றியது. இப்போது அவரால் தன் வழக்கைப் புரிந்துகொள்ள முடிகிறதா? வழக்கறிஞருக்கு விவரம் சொல்ல முடிகிறதா? சாட்சி பொய் சொன்னால் 'இது பொய்' என்று சொல்ல முடிகிறதா? முடியாதவரைக் கூண்டில் நிறுத்தி நடத்துவது விசாரணையே அல்ல. இதற்கான வழிமுறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367ஆம் பிரிவில் தொடங்குகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 328ஆம் பிரிவு.

இந்தப் பிரிவு சொல்வது இதுதான். எதிரில் நிற்பவர் தன் தரப்பைச் சொல்ல இயலாதவர் என்று நடுவருக்குத் தோன்றினால், அதை அவர் விசாரித்தே ஆக வேண்டும். அரசு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பப்படுவார். அந்த முடிவில் குறை இருந்தால் மருத்துவக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். முதல் பார்வையிலேயே வழக்கில் முகாந்திரம் இல்லையென்றால் அவரை விடுவித்துவிட வேண்டும். முகாந்திரம் இருந்து, அவருக்கு இருப்பது மனநோய் என்றால், சிகிச்சை முடியும் வரை விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு என்றால் விசாரணையே நடத்தக் கூடாது.

அதுவரை அவர் சிறையில்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 369ஆம் பிரிவு இருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமோ விடக்கூடாத குற்றமோ, உள்நோயாளியாக வைத்துப் பார்க்கும் தேவை இல்லை என்றால், உறவினரோ நண்பரோ பொறுப்பேற்கும் நிலையில் அவரை வெளியே அனுப்பலாம். தொடர்ந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்பதே அந்தப் பொறுப்பு.

'மனநோய்' என்ற வரையறைக்குள் வராமல், ஆனால் நடப்பது எதையும் புரிந்துகொள்ள முடியாமல் நிற்பவர்களும் உண்டு. காது கேளாத, வாய் பேசாத, சைகை மொழியும் கற்காத ஒருவரை நினைத்துப் பாருங்கள். இவர்கள் தண்டிக்கப்பட்டால் அந்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் பார்வைக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது 357ஆம் பிரிவு.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சைக்கிள் வழக்கில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரும் அன்றைக்கு அந்த நீதிமன்றத்தில் வாய் திறக்கவில்லை.

ஒப்புதல் என்னும் பொறி

போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. இது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால், அதிலே ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. சொன்ன வார்த்தையை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் சாட்சியமாகும். புதிய சாட்சியச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. பழைய 27ஆம் பிரிவு, இப்போது 23ஆம் பிரிவோடு சேர்ந்த நிபந்தனை.

இப்போது எதற்கும் 'ஆமா சார்' என்று சொல்லும் ஒருவரை அந்தக் கதவின் முன் நிறுத்திப் பாருங்கள். "ஒயரை இந்தப் புதர்ல தானே வெச்ச?" "ஆமா சார்." புதரிலிருந்து ஒயர் எடுக்கப்படுகிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். தம்பி கைநாட்டு வைக்கிறார். வழக்கு முடிந்தது.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கக் கூடாது. சின்ன வயதிலிருந்து அடி வாங்காமல் தப்பிக்க அவர் கற்ற ஒரே பாடம் அது. பெரியவர் கேட்டால் 'ஆமா' என்று சொல், முகம் மலரும், விட்டுவிடுவார்கள். ஊர்த்தெருவில் அந்தப் பதில் அவருக்குச் சோறு போட்டது. காவல் நிலையத்தில் அதே பதில் அவரை ரிமாண்ட் செய்தது. காவலுக்கு அனுப்புமுன் நடுவர் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார். சட்டம் கேட்கச் சொல்கிற கேள்விதான். அதற்கும் "ஆமா சார்" என்றவர், "அடிக்கலை இல்ல?" என்று பக்கத்தில் இருந்து யாரோ கேட்டதும் அதற்கும் "ஆமா சார்" என்றிருக்கிறார். இரண்டாவது பதில்தான் எழுதப்பட்டது என்று அம்மா சொல்கிறார்.

எங்கள் தவறு இங்கே இன்னொரு முறை குறுக்கே வந்தது. விசாரணைக் கைதிகளுக்கு 479ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள சாதாரணத் திருட்டு வழக்கில் அது ஒரு வருடம். சைக்கிள் வழக்கில் நாங்கள் ஒப்புக்கொள்ளச் சொன்னதால் தம்பி முதல் முறை வழக்கில் சிக்கியவர் என்ற தகுதியை இழந்திருந்தார். வேறு வழி கிடைக்காமல் போயிருந்தால் ஒன்றரை வருடம். ஆறு மாதம் கூடுதலாக. ஒரு டீயோடு முடித்த எங்கள் புத்திசாலித்தனத்தின் விலை அது.

சாதி எங்கே வருகிறது?

இது எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை, இதில் சாதியை ஏன் இழுக்கிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். குறைபாடு சாதி பார்த்து வருவதில்லை, உண்மை. ஆனால், ஜீப் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பதில் சாதி இருக்கிறது. ஊர்த்தெருவில் இதே நிலையில் உள்ள ஒரு பிள்ளை சைக்கிளை எடுத்திருந்தால் காதைத் திருகி வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். "பாவம், அந்த வீட்டுப் பையன்" என்பதோடு முடிந்திருக்கும்.

ஆவணத்தில் சாதி இருக்கிறது. வசதி உள்ள வீட்டில் மூன்று வயதிலேயே பிள்ளையை நகரத்து மருத்துவரிடம் காட்டிவிடுகிறார்கள். பைல் பைலாகச் சீட்டுகள் இருக்கும். நம் வீடுகளில் முதலில் கோடங்கியிடம் போகிறோம். தாயத்துக் கட்டுகிறோம். கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் விடுகிறோம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டபடியே 28 பேர் எரிந்து போனார்களே, வேறு போக்கிடம் அறியாத குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். கோடங்கி சீட்டுக் கொடுப்பதில்லை. நீதிமன்றமோ சீட்டைக் கேட்கிறது.

ஜாமீனில் சாதி இருக்கிறது. இரண்டு பேர் ஜாமீன் தர வேண்டும் என்றால், வீட்டு வரி ரசீதும் சொத்து மதிப்புச் சான்றும் வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவருக்கு எந்த ரசீது? நிலம் உள்ளவர் ஊர்த்தெருக்காரர். காணாமல் போன ஒயரும் அவருடையது.

சிறைக்குள்ளும் சாதி இருக்கிறது. சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிப்பதும் இடம் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு அது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியையே எடுத்துவிடச் சொன்ன அந்தத் தீர்ப்பு வந்த பிறகுதான் தம்பி உள்ளே போனார். நேர்காணலுக்குப் போன அம்மாவிடம் அவர் சந்தோஷமாகச் சொன்ன செய்தி, "நான்தான் தினம் கக்கூஸ் கழுவறேன்." யார் ஏவினார்கள், அது எப்படி அவருக்கு மட்டும் வந்தது என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. மறுக்கத் தெரியாதவர் என்பதும், எந்தத் தெருக்காரர் என்பதும் சேர்ந்துகொண்டால் துடைப்பம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் காட்டும் நிலை இது. மக்கள்தொகையில் நம் பங்கு 2011 கணக்கெடுப்பின்படி 16.6 விழுக்காடு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். அம்பேத்கர் சிலை சேதப்படுத்தப்படும்போது, பிடிபட்டவர் மனநலம் பாதித்தவர் என்று அன்றைக்கே செய்தி வருவதைப் பலமுறை படித்திருக்கிறோம். எந்த மருத்துவர் சொன்னார், எப்போது சோதித்தார் என்று ஒரு விவரமும் வராது. அதனால் 'மனநலம் பாதித்தவர்' என்ற சொல்லையே சந்தேகமாகப் பார்க்கும் பழக்கம் நம் தோழர்களிடம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். ஆனால், தப்பிக்க நினைப்பவருக்கும் உண்மையிலேயே குறைபாடு உள்ளவருக்கும் ஒரே மருத்துவச் சோதனையை வைக்கச் சொல்வதே நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். சிலையை உடைத்தவரையும் அரசு மருத்துவக் குழு சோதிக்கட்டும். நம் தம்பியையும் சோதிக்கட்டும். ஒரு தரப்பு காட்டும் மனநோய்ச் சான்றை மறுதரப்பு ஏற்க மறுத்தால், மனநல ஆய்வு வாரியத்தின் பரிசீலனைக்கு நீதிமன்றம் அனுப்ப வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் வாய்வார்த்தையில் ஒருவருக்குக் கிடைக்கும் விலக்கு, இன்னொருவருக்குச் சான்றோடு வந்தாலும் கிடைப்பதில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

மறக்கப்பட்டவர்கள்

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? அஸ்ஸாமின் மச்சாங் லாலுங்கைப் பற்றி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பழங்குடியைச் சேர்ந்தவர். 1951இல் கைதானபோது வயது 23 இருக்கும். மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் குணமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதில் குவாஹாட்டி சிறைக்கு அனுப்பினார்கள். விசாரணை நடக்கவேயில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு 2005இல் ஒரு ரூபாய்ப் பிணையில் வெளியே வந்தார். 54 வருடங்கள் போயிருந்தன. இரண்டு வருடங்களில் இறந்துபோனார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. அன்றைய பீகாரின் ஹசாரிபாக் மத்திய சிறையில் மனநிலை சரியில்லாதவர்கள் என்று அடைக்கப்பட்டு, குணமான பிறகும் இருபது முப்பது வருடங்கள் வெளியே விடப்படாதவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1982இல் நீதிபதி பகவதி அவர்களை விடுவித்தார். வீணா சேத்தி வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பதே சட்டவிரோதம் என்று 1993இல் ஷீலா பர்சே வழக்கில் தீர்ப்பு வந்தது. தூக்குத் தண்டனை பெற்ற ஒருவருக்குப் பின்னாளில் கடுமையான மனநோய் வந்தால் அதைத் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2019இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அவருடைய பெயரை வெளியிடாமல் 'குற்றம்சாட்டப்பட்டவர் எக்ஸ்' என்றே குறிப்பிட்டார்கள்.

இந்தத் தீர்ப்புகளில் பலவும் யாரோ ஒருவர் எழுதிய கடிதத்திலோ மனுவிலோ தொடங்கியவை. ஹசாரிபாக் கடிதத்தை எழுதியது ஓர் இலவசச் சட்ட உதவிக் குழு. அந்த வேலையை நம் மாவட்டத்தில் யார் செய்யப்போகிறார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, கைது என்று தெரிந்தவுடன் காவல் நிலையத்துக்கு ஒருவராவது போக வேண்டும். கைதானவரின் குடும்பத்துக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். பள்ளியில் படித்தபோதிருந்தே இப்படித்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இரண்டு, ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது அம்மாவோ அப்பாவோ அங்கே இருக்க வேண்டும். "அய்யா, என் பிள்ளைக்கு விவரம் தெரியாது, டாக்டர்கிட்ட அனுப்புங்க" என்று நடுவரிடம் நேராகச் சொல்லுங்கள். சட்டப் பிரிவின் எண்ணெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சந்தேகத்தை நடுவரின் மனத்தில் எழுப்பினால் போதும். விசாரிப்பது அவர் கடமை ஆகிவிடும்.

மூன்று, வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று உட்கார வேண்டாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. நம் பிள்ளைகள் ஒன்றுக்கு மூன்று காரணத்தால் தகுதி உள்ளவர்கள். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனநோய் உள்ளவருக்கு இந்த உரிமை இருப்பதை எடுத்துச் சொல்வது நடுவர், காவல் அதிகாரி, சிறை அதிகாரி எல்லோருக்கும் சட்டப்படியான கடமை.

நான்கு, 'ஒப்புக்கொண்டால் இன்றே முடியும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாங்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஐந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் சான்று. வழக்கு வருவதற்கு முன்பே, இன்றைக்கே. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவ முகாம் நடக்கும் நாளைச் சொல்வார்கள். தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே தரும் ஒவ்வொரு சீட்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்து பத்திரப்படுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். அரசின் இலவச மனநல ஆலோசனை எண் அது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளலாம். சிறைக்குச் சென்று விண்ணப்பம் எழுதித் தருவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. வழக்கே புரியாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவரை அடையாளம் காணப் பெரிய படிப்பு வேண்டாம். பதிலை நாமே எடுத்துக் கொடுக்காத கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். 'நீதானே செய்தாய்' என்று கேட்டால் ஒரு பதில் வரும். 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் வேறு பதில் வரும்.

தம்பியிடம் அந்த வழக்கறிஞர் அப்படித்தான் கேட்டார். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், பிறகு சொன்னார்: "ஜீப்புல கூட்டிட்டுப் போனாங்க. பரோட்டா குடுத்தாங்க." அந்த நாளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வழக்கறிஞர் மனு போட்டார். நடுவர் தம்பியை அருகில் அழைத்துத் தாமே பேசிப் பார்த்தார். அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். உளவியலாளர் பல நாட்கள் உட்கார வைத்துச் சோதித்தார். அறிவுசார் குறைபாடு உண்டு, வழக்கு நடவடிக்கையைப் புரிந்துகொள்ளும் நிலை இல்லை என்று அறிக்கை வந்தது. அம்மா எழுதிக் கொடுத்த உறுதியின் பேரில் தம்பி வீட்டுக்கு வந்தார். 47 நாட்கள் உள்ளே இருந்திருக்கிறார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அந்தப் புதரில் எடுத்த ஒயரை வைத்து முகாந்திரம் உண்டா இல்லையா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். சைக்கிள் வழக்கின் தண்டனையை எதிர்த்து மேலே போக முடியுமா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். காலம் கடந்துவிட்டது, தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றார் வழக்கறிஞர். காரணத்தை நாங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம்: இவருக்குப் புரியவில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

இப்போது காலனி காலனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகிறோம். எந்த வீட்டில் யாருக்கு இப்படி இருக்கிறது, அட்டை இருக்கிறதா, சீட்டு இருக்கிறதா என்று எழுதுகிறோம். மூன்று காலனிகள் முடிந்திருக்கின்றன. மூன்றிலும் பெயர்கள் இருந்தன. பெரும்பாலானவர்களிடம் சீட்டு இல்லை. "எம் புள்ளைய எதுக்குப் பைத்தியம்னு எழுதறீங்க?" என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அவர்கள் மேல் வருத்தமில்லை. அந்தச் சொல்லைக் கல்லாக எறிந்த ஊரில் அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? மறுபடியும் போவோம். தம்பியின் அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த மாதம் வாய்தா. அதற்கும் போகிறோம்.